இரண்டு நீளம், ஒரு குட்டை

தோரா ஹால்வர்சன் செத்து ஏழு வாரம் கழித்து, அவளுடைய காகிதங்களை எடுத்துப்போக நகரத்திலிருந்து ஒருத்தி வந்தாள். வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. தோரா முதியோர் இல்லத்துக்குப் போனபிறகு இந்த நாலு வருஷமும், குளிர்காலத்தில் அந்த வீட்டுக் குழாய்கள் உறைந்து வெடிக்காமல் பார்த்துக்கொண்டவன் நான். பார்த்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீடு, அவ்வளவுதான். பக்கத்து வீடு என்றால் கால் மைல். நடுவில் என் கோதுமை நிலம்.

வந்தவள் பெயர் கொலெட் கோட்ரி. ஐம்பது வயதிருக்கும். பல்கலைக்கழக நூலகத்தில், எழுத்தாளர்கள் விட்டுப்போன காகிதங்களைக் காப்பாற்றி வைப்பது வேலையாம். அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதை நான் நம்பவில்லை. வண்டியின் பின்கதவைத் திறந்து காட்டினாள். மடித்து அடுக்கிய சாம்பல்நிற அட்டைப்பெட்டிகள் கூரைவரை இருந்தன.

என்ன எடுக்கப் போகிறாய் என்று கேட்டேன். எல்லாவற்றையும் என்றாள். எல்லாம் என்றால் என்ன என்றேன்.

“கடைக்கு எழுதின லிஸ்ட் கிடைச்சா அதையும் எடுப்பேன், மிஸ்டர் பாய்கோ.”

சாவியை அவள் கையில் கொடுக்காமல் நானே கதவைத் திறந்தேன். சமையலறை நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நீங்கள் இருக்க வேண்டியதில்லை என்று மரியாதையாகச் சொன்னாள். எனக்கும் வேறு வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது.

உண்மையில் நான் உட்கார்ந்தது வேறு காரணத்துக்கு. அதைச் சொல்ல வேண்டுமானால் டெலிபோனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எழுபத்தாறாம் வருஷம் வரைக்கும் எங்கள் சாலையில் பதினொரு வீட்டுக்கும் ஒரே கம்பி. ஒரு வீட்டுக்கு அழைப்பு வந்தால் பதினொரு வீட்டிலும் மணி அடிக்கும். எந்த வீட்டுக்கு என்பதை மணியின் கணக்கை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். எல்மர் க்ராஸ் வீட்டுக்கு ஒரு நீளம், மூன்று குட்டை. எங்கள் வீட்டுக்கு இரண்டு நீளம், ஒரு குட்டை. தன் மணி அடித்தால் எடுக்க வேண்டும் என்பது சட்டம். மற்றவன் மணி அடித்தாலும் எல்லோரும் எடுப்பார்கள் என்பது வழக்கம். குளிர்காலத்தில் வேறு என்ன இருந்தது? சத்தமில்லாமல் ரிசீவரைத் தூக்கி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஒட்டுக் கேட்பார்கள். அதற்கும் முறை உண்டு. கேட்கலாம், நடுவில் வாய் திறக்கக் கூடாது. கேட்டதை, பேசினவன் முகத்துக்கு நேரே சொல்லக் கூடாது. எவன் எவன் கேட்கிறான் என்பதும் தெரியும். எல்மரின் அப்பாவுக்கு மூச்சு இழுக்கும். தோரா வீட்டில் ஒரு மஞ்சள் குருவி இருந்தது, கூண்டில். அவள் ரிசீவரைத் தூக்கினால் கம்பியில் குருவிச் சத்தம் கேட்கும்.

அந்தக் குருவி ஐம்பத்தெட்டாம் வருஷக் குளிரில் செத்துப்போனது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு எங்களுக்கு வந்த அழைப்புகளில் அதை நான் கேட்கவில்லை; மற்றவர் மணிக்கு நான் எடுப்பதும் நின்றுவிட்டது.

எல்லோரும் கேட்டார்கள், மறந்தார்கள். தோரா எழுதி வைத்தாள். எங்களுக்கு அது தெரிந்தது அவளுடைய இரண்டாவது நாவல் வந்தபோது. கைக்குழந்தை செத்துப்போகிறது, பெண்டாட்டி புருஷனை விட்டுப் போகிறாள், திரும்பி வரவே இல்லை. ஊர் முழுக்க அது நாங்கள்தான் என்றது. என் மனைவி நஸ்தியா அதைப் படித்தாள். படித்து முடித்து அலமாரிக்கு மேலே வைத்தாள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அச்சு எழுத்தை மெல்லக் கூட்டிப் படிப்பேன். டிராக்டர் புத்தகம், பேப்பரில் கோதுமை விலை. மற்றதெல்லாம் நஸ்தியா படித்துச் சொல்வாள்.

எங்களுக்கு நடந்தது இதுதான். பையன் பெயர் பெட்ரோ. ஐம்பத்தேழு இலையுதிர் காலத்தில், நாலு மாதத்தில் போய்விட்டான். பழைய காலண்டர்படி வரும் எங்கள் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழில் முடிந்த மறுநாள் நஸ்தியா யார்க்டனில் இருந்த அவள் அக்கா வீட்டுக்கு ரயில் ஏறினாள். பதினெட்டு நாள் ஆயிற்று. பத்தொன்பதாம் நாள் போன் வந்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை. எடுத்தேன். அவள் எதுவும் பேசவில்லை. கம்பியில் குருவிச் சத்தம். தோரா கேட்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாடு கத்துகிறது, வருவதானால் வா என்றேன். அப்புறம் ஒன்று சொன்னேன். அதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கும்போதுகூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு ரிசீவரை மாட்டிவிட்டேன்.

மறுநாள் ரயிலில் நஸ்தியா வந்தாள். நேராக மாட்டுக்கொட்டகைக்குப் போய்ப் பால் கறந்தாள். நாற்பத்து மூன்று வருஷம் என்னோடு இருந்து, இரண்டாயிரத்து ஒன்றில் செத்தாள். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. மாட்டுக்காக வந்தாள் என்றே வைத்துக்கொண்டேன்.

நான் சொன்ன அந்த வார்த்தை தோரா எழுதி வைத்த எதிலோ இருக்கும். இந்தப் பெண் அதைப் பெட்டியில் போட்டு எடுத்துப்போவாள். எவனெவனோ படிப்பான். அதற்கு முன்னால் அதை எடுத்து அடுப்பில் போட வேண்டும். அதற்காகத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் முழுக்க அவள் அளந்தாள். காகிதத்தை அவர்கள் எடை போடுவதில்லை, எண்ணுவதில்லை. நெருக்கி நிறுத்தி, டேப் வைத்து நீளத்தை அளக்கிறார்கள். சாயங்காலம் பதினாலு மீட்டர் என்றாள். ஒரு பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்து எழுதியது, என் கொட்டகையின் நீளம். துருப்பிடித்த கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டாள். பேனாவை வீட்டுக்குள் கொண்டுவரவே மாட்டாளாம். எல்லாம் பென்சில்தான், மை சிந்தினால் போயிற்று.

மறுநாள் காலையில் கூட்டுறவுக் கடையில் காபி குடிக்கப் போனபோது எல்மர் க்ராஸ் பிடித்துக்கொண்டான். எங்கள் சாலையில் அந்தப் பழைய லைனில் பேசினவர்களில் இன்றைக்கு மிச்சம் அவனும் நானும்தான்.

“டேய் வாசில், உன்னையும் பொட்டியில போட்டு எடுத்துட்டுப் போறாங்களாமே.”

“உன்னை எடுக்க மாட்டாங்க. எலி கடிச்சது வேணாமாம்.”

“சிரிக்காத. எங்கப்பனைப் பத்தி அவ என்னென்ன எழுதி வச்சிருக்காளோ. பார்த்துச் சொல்லு.”

“உங்கப்பன் மூச்சு விட்டதைத்தான் எழுதியிருப்பா. வேற என்ன செஞ்சான் மனுஷன்?”

சிரித்தான். ஆனால் அவன் கண்ணில் பயம் இருந்தது. எனக்குப் புரிந்தது.

இரண்டாம் நாள் கொலெட் ஒரு கட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அந்த இரண்டாவது நாவலின் ஒரே ஒரு பக்கம். தட்டச்சு செய்து, அடித்து, மேலே கையால் எழுதி, மறுபடி தட்டச்சு செய்து, மறுபடி அடித்து. எத்தனை என்று எண்ணச் சொன்னாள். எண்ணினேன். இருபத்தாறு தாள். எல்லாவற்றிலும் அதே பக்கம்.

எழுதுவது என்றால் உட்கார்ந்து எழுதுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மழை கெடுத்த நிலத்தை ஒரு வருஷத்தில் இரண்டாம் தடவை விதைத்திருக்கிறேன். மூன்றாம் தடவை விதைத்தவனை நான் பார்த்ததில்லை. இவள் இருபத்தாறு தடவை. தாள்களைத் தொடலாமா என்று கேட்டேன். கை சுத்தமாக இருந்தால் போதும் என்றாள். போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தேன்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அச்சு எழுத்துதான், ஆனாலும் அத்தனை அடித்தல் திருத்தலில் எனக்குக் கண் நிற்கவில்லை. அவளே சொன்னாள்: தொப்பி இல்லாமல் ஒரு மனுஷன் பனியில் நிற்கிறான். இருபத்தாறிலும் நிற்கிறான். அச்சான புத்தகத்தில் மட்டும் அவன் நிற்பதில்லை, நேராக வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான். ஏன் கடைசியில் மாற்றினாள் என்று தனக்குப் புரியவில்லை என்றாள்.

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஊரில் எவன்தான் தொப்பி இல்லாமல் நின்றதில்லை?

அன்று மத்தியானம் மாடிப்படிக்குக் கீழே, மாவு வைக்கும் தகரப்பீப்பாயில் நோட்டுகள் கிடைத்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நீல அட்டை நோட்டு. இருபத்தெட்டு. ஓரத்தில் கோடும் புள்ளியும், பக்கத்தில் எழுத்து. யார் பேசியது என்று எந்த ஓரத்திலும் பெயர் இல்லை. அந்தப் பெண் முதல் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எண்பதுகளில் தோரா இப்படி ஒரு நோட்டை மட்டும் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தாளாம். அன்றிலிருந்து அதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

“இது தந்தி பாஷைன்னு முடிவு பண்ணியிருக்காங்க. நீளம் நீளம் குட்டைன்னா தந்தியில ‘ஜி’. அவங்களுக்கு கில்பர்ட்னு ஒருத்தரோட நிச்சயம் ஆகி, அவர் போர்ல இறந்துட்டார். அதனால இந்த இடத்துல எல்லாம் அவர்தான் பேசுறார்னு ஒரு பேராசிரியர் புத்தகமே எழுதிட்டார். செத்தவரோட உரையாடல்னு.”

இருபத்தைந்து வருஷமாக நான் தோராவின் செத்துப்போன காதலனாக இருந்திருக்கிறேன். என் மாட்டு வைத்தியமும் உருளைக்கிழங்கு விலையும் அந்தப் பேராசிரியருக்கு என்னவாகத் தெரிந்ததோ. சிரிப்பு தொண்டைவரை வந்தது. விழுங்கினேன். அவர்கள் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும். கணக்கு தெரிந்தவன் வாய் திறக்காதவரை எந்த வீட்டு வண்டவாளமும் வெளியே வராது.

ஆனால் எல்மரும் நானும் போனபிறகு, யாராவது ஒருவன் கண்டுபிடிப்பான். அந்த ஒரு நோட்டு போயே ஆக வேண்டும்.

அங்கே செல்போன் எடுக்காது. பேச வேண்டுமென்றால் வாசல் கேட்டுவரை நடக்க வேண்டும். அவள் தன் ஆபீசுக்குச் சேதி சொல்ல ஓடினாள். நான் எழுந்து நோட்டுகளைப் புரட்டினேன். தேதி எண்ணில் இருந்தது, அது எனக்குத் தெரியும். 1958. ஜனவரி 26. ஓரத்தில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. நோட்டைக் கோட்டுக்குள் செருகினேன். வெளியே வந்து, வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். எண்பத்து மூன்று வயதில் முதல் திருட்டு.

அடுப்பில் நெருப்பு இருந்தது. மூடியைத் தூக்கினேன். நோட்டு கையில்.

போடவில்லை.

போடுவதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்த்துவிடலாம் என்று மேஜையில் விரித்தேன். பின்னிப் பின்னி எழுதும் கையெழுத்து. ஒரு மணி நேரம் பார்த்தேன். ‘நஸ்தியா’ என்ற ஒரே ஒரு சொல்லை அடையாளம் கண்டேன். அந்தத் தேதிக்குக் கீழே மூன்று பக்கத்தில் அது ஏழு இடத்தில் இருந்தது. நான் சொன்ன வார்த்தைக்கு ஒரு தடவை போதும். ஏழு எதற்கு? மூன்று பக்கம் எதற்கு? நான் பேசியது அரை நிமிஷம்.

எரித்தால் நான் சொன்னது போகும். அந்த ஏழும் போகும். எனக்குப் படித்துச் சொல்ல நஸ்தியா இல்லை. எல்மரிடம் போனால் மறுநாள் கடை முழுக்கத் தெரியும். மகள் கால்கரியில் இருக்கிறாள். அவள் அம்மாவைப் பற்றி நான் சொன்னதை அவள் வாயால் படிக்கச் சொல்ல முடியாது. மிச்சம் இருந்தது, நான் திருடிய ஆள்தான்.

அடுப்பை மூடினேன். ராத்திரி தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் காலையில் போனபோது அவள் சமையலறைத் தரையில் நோட்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்து நின்றுகொண்டிருந்தாள். இருபத்தேழு. ஐம்பத்தேழுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விட்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் கோபித்துக்கொண்டு திரும்பிப் போயிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன்.

கோட்டிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன்.

“எரிக்கத்தான் எடுத்துட்டுப் போனேன். இந்தக் கையெழுத்து எனக்குப் படிக்க வராது. ஜனவரி இருபத்தாறு. படி.”

“நீங்க கேட்டே ஆகணுமா, மிஸ்டர் பாய்கோ?”

“படிம்மா. எதையும் விடாம.”

உட்கார்ந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். மெதுவாகப் படித்தாள்.

முதலில் நேரம் இருந்தது, மத்தியானம் இரண்டு இருபது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. பிறகு என் பேச்சு. ஐம்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் நான் பேசியது, நான் பேசின மாதிரியே, என் அரைகுறை இங்கிலீஷோடு.

“‘மாடு கத்துது. வர்றதுன்னா வா. பிள்ளையைத்தான் பார்த்துக்கத் தெரியல உனக்கு, மாட்டையாவது பாரு.’”

அவள் நிறுத்தினாள். என்னைப் பார்க்காமல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நான்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு அந்நியப் பெண் வாயிலிருந்து அது வெளியே வந்தபிறகும் கூரை அப்படியே இருந்தது.

“மேல படி,” என்றேன்.

அவன் ரிசீவரை மாட்டிவிட்டான், நஸ்தியா மாட்டவில்லை என்று தோரா எழுதியிருந்தாள். ‘நஸ்தியா மூச்சு விடுவது கேட்கிறது. ஒன்பது வருஷமாக இந்த லைனில் கேட்கிறேன், ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இன்றைக்குத் திறந்தேன்.’

அதைக் கேட்டதும் நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். லைனில் நடுவில் பேசுவது என்றால் என்ன என்று கொலெட்டுக்குத் தெரியாது. கோயிலில் பூசைக்கு நடுவே எழுந்து கத்துவதைப் போன்றது. பதினொரு வீட்டிலும் எவரும் செய்ததில்லை.

கொலெட் படித்துக்கொண்டே போனாள்.

“‘நஸ்தியா, நான் தோரா. என் ஜன்னல்ல இருந்து உன் முற்றம் தெரியுது. அவன் வெளிய வந்து நிக்கிறான். தொப்பி இல்ல. கோட்டு இல்ல. சொன்னது என்னன்னு அவனுக்கே இப்பத்தான் காதுல விழுந்திருக்கு போல.’ ‘என்ன பண்றான்?’ ‘ஒண்ணும் பண்ணல. நிக்கிறான்.’ ரொம்ப நேரம் நஸ்தியா பேசவில்லை. பிறகு, ‘இன்னும் நிக்கிறானா?’ பார்த்தேன். ‘நிக்கிறான், நஸ்தியா.’ மறுபடி நஸ்தியா, ‘இப்ப?’ ‘நிக்கிறான்.’ பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகியும் தொலைபேசி நிலையத்துப் பெண் கம்பியைப் பிடுங்கவில்லை. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் நஸ்தியா சொன்னாள்: ‘போய் அவனை உள்ள போகச் சொல்லுங்க. காது உறைஞ்சிடும் அந்த முட்டாளுக்கு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நாளைக்கு வண்டியில வரேன்.’”

என் இடது காதின் நுனி இல்லை. அன்றைக்குப் போனது. நான் நின்றது எனக்கு நினைவே இல்லை; கொட்டகைக்குப் போனேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வேறொன்று நினைவிருக்கிறது. அன்றைக்கு தோரா வயல் பனியில் முழங்கால்வரை புதைந்து நடந்து வந்தாள், கையில் துணி சுற்றிய ரொட்டி. அதிகமாகச் சுட்டுவிட்டேன், சூடு ஆறுவதற்குள் உள்ளே கொண்டுபோய் வை என்றாள். கால் மைல் தள்ளி வந்த ரொட்டிக்கு என்ன சூடு இருக்கும்? வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ஒட்டுக் கேட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தாள் என்று அன்றிலிருந்து அவளை எனக்குப் பிடிக்காது. அவள் வீட்டுக் குழாய்களைப் பார்த்துக்கொண்டேன், ஆனால் பிடிக்காது.

நஸ்தியா சில நாள், ஒரு காரணமும் இல்லாமல், மேஜையைத் துடைத்துக்கொண்டே வந்து அந்தக் குறைக்காதை இரண்டு விரலால் பிடித்து இழுப்பாள். சிரிப்பாள். என்னடி என்றால் ஒன்றுமில்லை என்பாள். நாற்பத்து மூன்று வருஷம்.

கொலெட் ஒரு தாளில் மூக்கைத் துடைத்தாள். தோராவின் காகிதம் அல்ல, தன் கைப்பையிலிருந்து எடுத்தது. இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றாள்.

“‘இந்த மணிக்கு இனி நான் எடுக்க மாட்டேன்.’”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். தோராவின் நோட்டுகளைக் காட்டி, கோடும் புள்ளியும் தந்தி இல்லை, டெலிபோன் மணி என்றேன். ஒவ்வொரு கணக்கும் ஒரு வீடு. இரண்டு நீளம் ஒரு குட்டை என் வீடு. செத்த கில்பர்ட் அல்ல, உயிரோடிருக்கிற வாசில் பாய்கோ. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். முப்பது வருஷப் பூட்டு கண்முன்னால் திறந்தால் மனுஷர் முகம் அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது.  பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தாள், பாவம் அந்தப் பேராசிரியர் என்று.

இருவரும் தரையில் உட்கார்ந்தோம். எனக்கு உட்கார்வது சுலபம், எழுவதுதான் கஷ்டம். ஐம்பத்தெட்டு பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பக்கமாக ஓரத்தைப் பார்த்துக்கொண்டு போனோம். அதற்குப் படிப்பு வேண்டாம். ஒரு நீளம் மூன்று குட்டை, இருந்தது. மூன்று நீளம், இருந்தது. எல்லா வீடும் இருந்தன. ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தைந்து. பதினெட்டு வருஷம், எழுபத்தாறில் அந்தப் பொதுக் கம்பி போய்த் தனி லைன் வந்த நாள்வரை. இரண்டு நீளம் ஒரு குட்டை ஒரு இடத்தில்கூட இல்லை.

யோசித்துப் பாருங்கள். நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். வங்கிக்காரன் பேசியிருக்கிறான். மகள் பிறந்த சேதி அந்த லைனில்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் மணி தோராவின் சமையலறையிலும் அடித்திருக்கிறது. கேட்பதுதான் அவள் பிழைப்பு. கையை நீட்டினால் எட்டும். அவள் நீட்டவில்லை. கதையை எழுதினாள், ஆனால் அதில் பெண்டாட்டி திரும்பி வரவில்லை, புருஷன் முற்றத்தில் நிற்கவில்லை. நடந்தது எதுவோ அதை இருபத்தாறு தடவை எழுதிப் பார்த்து, எங்களிடமே விட்டுவிட்டாள்.

நான் யாரையும் அண்ணாந்து பார்த்தவன் அல்ல. பாதிரியாரையும் இல்லை, மந்திரியையும் இல்லை. அந்தத் தரையில், சாம்பல் பெட்டிகளுக்கு நடுவில், தோராவின் ஜன்னலை அண்ணாந்து பார்த்தேன். மேஜையைப் பிடித்து எழுந்து அதன் முன்னால் போய் நின்றேன். கண்ணாடிக்கு அப்பால் கால் மைலில் என் முற்றம், துணிக்கொடி, கொட்டகைக் கதவு. எல்லாம் உள்ளங்கை அளவில், துல்லியமாக. 

பிறகு கொலெட் வேலையைப் பேசினாள். நான் விரும்பினால் அந்த நோட்டைப் பூட்டி வைக்கலாமாம். ஐம்பது வருஷம் யாரும் திறக்க முடியாது, எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எத்தனை காலம் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். அந்தக் கட்டடம் இருக்கிறவரை, அதற்கப்புறம் வேறு கட்டடத்தில் என்றாள்.

நான் சொன்ன வார்த்தையும் அங்கேதான் இருக்கும், நஸ்தியா கேட்ட ‘இன்னும் நிக்கிறானா’வும் அங்கேதான் இருக்கும். ஒன்றைப் பூட்டினால் மற்றதையும் பூட்ட வேண்டும்.

“பூட்ட வேணாம்,” என்றேன். “பென்சிலைக் குடு.”

அவள் அந்த நோட்டுக்கென்று ஒரு உறையை எடுத்து, ஓரத்தைக் காட்டினாள். இரண்டு கோடு, ஒரு புள்ளி போட்டேன். பக்கத்தில் அச்சு எழுத்தில், மெதுவாக, நஸ்தியா பாய்கோ என்று எழுதினேன். கீழே என் பெயர். எழுதி முடிக்க நேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள்.

மற்ற பத்து மணியும் எந்தெந்த வீடு என்று கேட்டாள். கேட்பாள் என்று தெரியும். அவளுடைய நேர்மையைப் பார்த்தபிறகு சொல்லாமல் இருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

“அது அவங்கவங்க வீட்டு மணிம்மா. நான் எடுக்கக் கூடாது.”

புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பெட்டியை மூடினாள்.

மறுநாள் எல்மர் காபியோடு எதிரே வந்து உட்கார்ந்தான். வண்டி போய்விட்டதா என்றான். போய்விட்டது, பதினாலு மீட்டர் என்றேன். நெருங்கிக் குனிந்து, எங்கப்பனைப் பத்தி என்ன இருந்தது என்று கேட்டான். நோட்டில் பெயருக்குப் பதில் மணிக் கணக்குதான் இருக்கிறது, எது எந்த வீடு என்று நான் சொல்லவில்லை என்றேன். அவன் தோள் கொஞ்சம் இறங்கியது.

“அப்ப மூணு நாள் அங்க என்னத்தடா பார்த்த?”

“அவ குருவி ஐம்பத்தெட்டுல செத்துப்போச்சுன்னு நெனச்சேன்.”

“பைத்தியமா உனக்கு? அறுபத்து மூணு வரைக்கும் எங்க மணிக்கு எடுத்தா கத்திக்கிட்டுதான் இருந்துச்சு.”

“ஆமா,” என்றேன். “எங்க மணிக்கு மட்டும்தான் கேக்கல.”